படம் மங்கலா வருது, மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், 18 மெகாபிக்சல். கூடவே வந்த 18-55 ஜூம் லென்ஸ், அப்புறம் வாங்கிய 55-250 ஜூம். பூச்சி, பூ, பாசி என்று நெருங்கிப் படம் எடுக்க ஆசை. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய், லென்ஸ் இன்னும் கிட்டே ஃபோகஸ் ஆகும்) ஒரு செட் வாங்கி 18-55-ல் மாட்டி ஒரு மாதமாக எடுத்துப் பார்க்கிறார். டெப்த், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் ஆழம், வேண்டுமென்றால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி வரும் ஓட்டையை, சுருக்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு எஃப்/22 (எஃப் எண் ஏற ஏற ஓட்டை சின்னது), ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 3200. எல்லாப் படமும் மங்கல். நெருங்கி எடுப்பதற்கென்றே செய்த 100 மிமீ மேக்ரோ லென்ஸைத் தவணையில் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

கேள்வி லென்ஸைப் பற்றி இருந்தாலும் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஏன் மங்குகிறது என்பதைத்தான். அது தெரியாமல் லென்ஸ் வாங்கினால் மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டு அதே மங்கலைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் லென்ஸ் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

நான் குன்னூரில் 22 வருஷம் ஸ்டூடியோ நடத்தியவன். பாஸ்போர்ட், கல்யாணம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, அவ்வளவுதான் பிழைப்பு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஸ்டூடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த ஈயையே படம் எடுக்கலாமே என்று ஆரம்பித்தது இன்றுவரை விடவில்லை. பூச்சியியல் படித்தவன் இல்லை, பூச்சிப் பெயரில் நான் தப்புவிட்டால் திருத்துங்கள். கேமராவும் கேனான் மட்டும்தான், அதுவும் டிஎஸ்எல்ஆர். மிரர்லெஸ் இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி. ஒளியும் கண்ணாடியும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான் என்பதால் கீழே வரும் கணக்குகளை நம்பலாம். 'என் பழக்கம்' என்று நான் சொல்லும் இடங்களை மட்டும் உங்கள் கையில் சோதித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

மங்கல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நோய் இருக்கிறது. படத்தை கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்காவது ஒரு இடம், ஒரு கால் முள்ளோ இலை நரம்போ, கூர்மையாக இருந்து கண் மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே கூர்மை இல்லை, எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கிறது என்றால் கை ஆடியிருக்கிறது அல்லது காற்று அடித்திருக்கிறது. இழுப்பும் இல்லாமல், மோர் ஊற்றிய மாதிரி படம் முழுக்க ஒரே சீராக மழுங்கியிருந்தால் அபெர்ச்சரை அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கிறீர்கள், அல்லது கண்ணாடியில் பனி, அழுக்கு, ஃபங்கஸ். நீங்கள் அனுப்பிய நாலு படத்திலும் இரண்டாவது நோயும் மூன்றாவது நோயும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் வேர் அந்த எஃப்/22.

கணக்கைப் பாருங்கள். 36 மிமீ ட்யூபை மாட்டி ஜூமை 55-ல் வைத்துக் கிட்டே ஃபோகஸ் செய்தால் நீங்கள் ஏறத்தாழ நிஜ அளவில் இருக்கிறீர்கள். அதாவது பொருள் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மில்லிமீட்டர், கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் விழுகிறது. ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். அந்த அளவில் லென்ஸில் நீங்கள் வைக்கும் எண் நடைமுறையில் இரண்டு மடங்காகிவிடும். எஃப்/8 வைத்தால் சென்சாருக்கு வருவது எஃப்/16-க்கான வெளிச்சம், அதாவது கால்வாசி. எஃப்/22 வைத்தால் அது எஃப்/44. அவ்வளவு சின்ன ஓட்டை வழியாக வரும்போது ஒளி விளிம்பில் பட்டு விரிந்துவிடுகிறது. பள்ளிக்கூட இயற்பியலில் விளிம்பு விளைவு என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். டெப்த் கூடுகிறது, ஆனால் கூடிய டெப்த் முழுவதும் மழுங்கல். போதாக்குறைக்கு வெளிச்சம் குறைந்து ஷட்டர் 1/60-க்கு இறங்குகிறது. உங்கள் சென்சாரின் அகலம் சுமார் 22 மிமீ, அதில் 5184 பிக்சல். ஒன்றுக்கு ஒன்று அளவில் கை 0.1 மிமீ, ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம், அசைந்தால் படத்தில் 23 பிக்சல் இழுபடும். 1/60-ல் தலைமுடி கனம்கூட ஆடாத கையை நான் பார்த்ததில்லை.

சரி, எஃப்/22 வேண்டாமென்றால் டெப்த் எவ்வளவு கிடைக்கும்? உங்கள் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப்/8-க்கு 0.6 மிமீ, எஃப்/11-க்கு 0.9 மிமீ. எதைக் கூர்மை என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து கொஞ்சம் முன்னே பின்னே வரும். எப்படியிருந்தாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் மாட்டினாலும் இதே அளவுதான். ஆனால் பாதி அளவுக்குப் பின்வாங்கினால், அதாவது 44 மிமீ அகலம் படத்துக்குள் வருகிற தூரத்துக்குப் போனால், எஃப்/8-லேயே கிட்டத்தட்ட 2 மிமீ கிடைக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு எடுத்த எடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது. முதல் ஆறு மாதம் பாதி அளவிலேயே எடுங்கள். இது என் பழக்கம்தான், ஆனால் கற்றுக்கொடுத்த நாலைந்து பேருக்கும் பலித்திருக்கிறது.

இருக்கிற அந்த இரண்டு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதுதான் கைத்தொழில். பட்டாம்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் சென்சார் இறக்கைக்குச் சரிமட்டமாக இருக்கும்படி நில்லுங்கள். முழு இறக்கையும் அந்த மெல்லிய தகட்டுக்குள் அடங்கும். அரை அடி சாய்ந்து நின்றால் தலை இருக்கும், வால் போய்விடும். கண் உள்ள உயிர் என்றால் கண் கூர்மையாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் மங்கினாலும் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். வளையத்தை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு உடம்பை முன்னும் பின்னும் நெல் உமி அளவுக்கு ஆட்டி, கண் கூர்மையாகிற நொடியில் அழுத்துங்கள். பத்து எடுத்தால் ஒன்று தேறும். எனக்கு இன்றும் நாலைந்துக்கு ஒன்றுதான்.

இதற்கு ஒரு பயிற்சி, செலவில்லாதது. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை மேஜையில் சாய்வாக நிறுத்துங்கள். 4 சென்டிமீட்டர் கோட்டில் ஃபோகஸ் வைத்து, உடம்பை ஆட்டி, இருபது படம் எடுங்கள். எத்தனை படத்தில் கோடு சரியாக 4-ல் கூர்மையாக இருக்கிறது, எத்தனையில் 3.8-க்கு வழுக்கிப் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். முன்பக்கம் வழுக்குகிறதா பின்பக்கமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். நான் எப்போதும் அரை மில்லிமீட்டர் முந்திவிடுவேன், அழுத்தும்போது மூச்சை விட்டு முன்னால் சாய்கிற பழக்கம். தெரிந்த பிறகு திருத்திக்கொண்டேன். அதே ஸ்கேலை நேராக வைத்து எடுத்தால் உங்கள் ட்யூப் எந்த அளவு தருகிறது என்பதும் தெரிந்துவிடும். படத்தின் அகலத்தில் 22 மிமீ தெரிந்தால் ஒன்றுக்கு ஒன்று, 44 தெரிந்தால் பாதி.

இனி வெளிச்சம். லென்ஸுக்கு வைத்திருக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்தால் போதும், உங்கள் படம் மாறிவிடும். எஃப்/11, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 என்று கேமராவை மேனுவலில் வைத்துவிட்டால் சோலை நிழலில் படம் கும்மிருட்டாக இருக்கும். அந்த இருட்டை ஃபிளாஷ் நிரப்பட்டும். கையை 1/200 காப்பாற்றாது, ஃபிளாஷ்தான் காப்பாற்றும். சாதாரண ஸ்பீட்லைட், அதாவது கேமரா தலையில் மாட்டும் தனி ஃபிளாஷ், 1/16 பவரில் அடிக்கும்போது அந்த மின்னல் நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கிறது. அந்த நேரத்துக்குள் தலைமுடி கனம் ஆடக் கைக்கு அவகாசம் இல்லை. கேமராவோடு வரும் பாப்-அப் ஃபிளாஷும் உதவும், ஆனால் ட்யூப் மாட்டியிருக்கும்போது லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழும்.

ஃபிளாஷை அப்படியே அடித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பொறிவண்டிடம் கேளுங்கள். பாலீஷ் போட்ட முதுகு அதற்கு, கண்ணாடி மாதிரி. உங்கள் விளக்கு என்ன உருவமோ அதுவே அதன் முதுகில் தெரியும். வெறும் ஃபிளாஷ் என்றால் சுட்ட மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு செத்துப்போயிருக்கும். ஃபிளாஷுக்கும் வண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் திரை கட்டினால் அந்த முதுகில் ஜன்னல் திறந்த மாதிரி மெத்தென்ற ஒரு வெளுப்பு பரவும், சிவப்பு சிவப்பாகவே இருக்கும். திரைக்குக் கடைக்குப் போக வேண்டாம். டிவி, மிக்ஸி பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட் இருக்கிறதே, அதில் ஏ4 அளவு வெட்டி, மேல் விளிம்பை ரப்பர் பேண்டால் ஃபிளாஷ் தலையில் கட்டி, கீழ் விளிம்பை வளைத்து லென்ஸ் முனைக்கு மேல் கூரை மாதிரி நிற்கும்படி செய்யுங்கள். ட்ரேசிங் பேப்பரும் ஆகும், ஆனால் எங்கள் குன்னூர் பனியில் பத்து நிமிஷத்தில் தொய்ந்துவிடும். ஃபிளாஷ் பவரை 1/16-ல் ஆரம்பித்து, படம் இருட்டினால் 1/8, வெளுத்தால் 1/32. திரை பூச்சிக்கு எவ்வளவு கிட்டேயோ வெளிச்சம் அவ்வளவு மிருது. இதில் சந்தேகமே இல்லை.

இந்த முறையில் ஒரு தொல்லை, பின்னணி கருப்பாகப் போய்விடும். வெளிச்சம் தூரத்துக்குப் போகப் போகச் சட்டென்று செத்துவிடுகிறது. திரையிலிருந்து 10 சென்டிமீட்டரில் பூச்சி, 1 மீட்டரில் பின்னணி என்றால், பூச்சிக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் பின்னணிக்கு. பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த படம் அமாவாசை மாதிரி இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றினால் பின்னணியில் இருக்கிற பகல் வெளிச்சமும் கொஞ்சம் உள்ளே வரும். இல்லையென்றால் பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் ஒரு தேயிலைக் கொத்து வருகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஃபிளாஷே தேவைப்படாத ஒரு நேரம் இருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு அது சும்மா கிடைக்கிறது. பூச்சிக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயில் உடம்பைச் சூடாக்கினால்தான் பறக்கவும் தாவவும் முடியும். சென்னையில் ஒரு தும்பியின் பின்னால் ஓடி வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு, நம் ஊரில் மார்கழி, தையில் காலை எட்டு மணி வரை பூச்சிகள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும் என்றால் வயிறு எரியும். ஒரு மார்கழியில், வீட்டுக்குக் கீழே தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கிற புல்லில், ஆறே முக்கால் மணிக்கு ஒரு வெட்டுக்கிளி. உடம்பெல்லாம் பனித்துளி. மீசை ஒவ்வொன்றிலும் வரிசையாகக் கோர்த்த மாதிரி ஏழெட்டு. ஒரு பலகைமேல் கேமராவை வைத்து, எஃப்/8, நொடியில் நாலில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர். ஃபிளாஷ் இல்லை. துளி ஒவ்வொன்றுக்குள்ளும் எதிர்ப்பக்கத்து மலையும் சில்வர் ஓக் மரமும் தலைகீழாகத் தொங்கின. அந்த மலை கூர்மையாக வேண்டுமா, துளியின் விளிம்பு கூர்மையாக வேண்டுமா, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தேன். வெயில் புல்மேல் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் ஒரு முன்னங்காலைத் தூக்கி, கண்ணைத் துடைத்தது. நிதானமாக, எழுந்து முகம் கழுவுகிற ஆள் மாதிரி. அடுத்த பத்தாவது நிமிஷம் புல்லில் அது இல்லை. எட்டேகால். ஒன்றரை மணி நேரம் ஒரே வெட்டுக்கிளியோடு இருந்திருக்கிறேன், ஒரு மீட்டர்கூட நகரவில்லை.

உறைபனி நாளில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற தலைகுந்தாப் பக்கம் போக முடிந்தால் புல்லில் உறைந்த பனி ஊசிகளை எடுத்துப் பழகுங்கள். ஆடாது, ஓடாது, வெயில் வந்தால் மட்டும் காணாமல் போகும். சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும்.

காற்றுக்கு ஒரு கைவித்தை சொல்கிறேன், எந்தக் கருவியும் வேண்டாம். பூச்சி இருக்கிற தண்டை அல்லது இலையின் அடியை இடது கை விரலால் மெதுவாகப் பிடியுங்கள். அதே இடது கையின் மேல் லென்ஸின் முனையை வையுங்கள். இப்போது செடி ஆடினால் கையும் ஆடும், கை ஆடினால் லென்ஸும் கூடவே ஆடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் மாறாது. ஒரு வாரம் பழகினால் ட்ரைபாடைத் தேடமாட்டீர்கள். புல்வெளியில் ட்ரைபாடை விரிப்பதற்குள் பூச்சி இருக்கிற புல்லையே இடித்துவிடுவோம். நான் பழைய ஜீன்ஸ் கால் ஒன்றில் ஒரு கிலோ கொள்ளு அடைத்துத் தைத்து, தரையில் போட்டு அதன்மேல் கேமராவை வைப்பேன். ஒரு ஐப்பசி மழையில் நனைந்து, நான் கவனிக்காமல் மூலையில் போட்டுவைக்க, கொள்ளு முளைவிட்டு நாறிவிட்டது. இப்போது தெர்மோகோல் மணி.

எதை எடுத்துப் பழகுவது? காட்டுக்குள் போகவே வேண்டாம். அடுப்படி டப்பாவிலிருந்து ஒரு துண்டு கல்பாசியை எடுத்து ஜன்னல் ஓரம் வையுங்கள். பிரியாணியில் போடுகிற அதே கல்பாசி. மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கரி மாதிரி கருப்பு, ஓரமெல்லாம் அப்பளம் பொரித்த மாதிரி நெளிவு. பக்கவாட்டு வெளிச்சத்தில் அது ஒரு மலைத்தொடர் மாதிரி தெரியும். ஓடாத, கோபிக்காத மாடல். ஒரு மாதம் அதையே எடுங்கள். அடுத்து, தெருவிளக்குக்கு அடியில் இருக்கிற வெள்ளைச் சுவர். கோடை மழை விழுந்த மறுநாள் விடிகாலையில் போய்ப் பாருங்கள், இரவு வெளிச்சத்துக்கு வந்த அந்துப்பூச்சிகள் ஒட்டிவைத்த மாதிரி இறக்கையைப் பரப்பி இருக்கும். சுவர் மட்டம், இறக்கை மட்டம், டெப்த் பற்றிய கவலையே இல்லை. எனக்குத் தெரிந்து ஆரம்பக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மூன்றாவதாகத்தான் தோட்டம். மேரக்காய்ப் பந்தலில் எறும்பும் அசுவினியும், அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டும் ஒரே இலையில் கிடைக்கும். தத்துச்சிலந்தி கிடைத்தால் விடாதீர்கள். நாம் லென்ஸைத் திருப்பினால் அதுவும் திரும்பி லென்ஸைப் பார்க்கும், முன்வரிசையில் இரண்டு பெரிய கண், இரண்டு சின்னக் கண்.

மழை மாதங்களில் மேல் நீலகிரிப் பக்கம் போனால் ஈரப் புல்வெளியில், பாதை ஓரமாகவே, அழுகண்ணி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பூச்சி பிடிக்கும் செடி. இலை மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அதைச் சுற்றிச் சிவப்பு முடிகள், ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு துளி. பனித்துளி என்று நினைத்து வெயில் வந்ததும் போய்விடும் என்று அவசரப்படாதீர்கள். அது பசை, வெயிலிலும் நிற்கும். வெயிலுக்கு எதிரே வைத்து எடுத்தால் ஒவ்வொன்றும் எரிகிற மாதிரி இருக்கும். சுற்றி எங்கே காலை வைக்கிறோம் என்பதை மட்டும் பாருங்கள். ஒன்றைப் படம் எடுக்கப் படுத்து ஒன்பதை நசுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படுப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. கேமராவில் கண்ணை வைத்தால் உலகம் இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். தேயிலைக்குள் ஒரு காளானை எடுக்கக் குப்புறப் படுத்திருந்தேன். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காக்கள் கத்துவது காதில் விழுந்தும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு கேட்டுத் திரும்பினால் இருபது அடியில் காட்டெருமை. கேமராவை அங்கேயே விட்டுவிட்டுச் செடிகளுக்குள் தவழ்ந்து போனேன். அது என்னைக் கண்டுகொள்ளவில்லை என்பது என் அதிர்ஷ்டம். கோத்தகிரியில் கரடியும் உண்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் படுக்காதீர்கள், கூட ஒரு ஆள் நின்று சுற்றிலும் பார்க்கட்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம், பூச்சி எடுக்கத்தான் போனேன் என்றால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சோலை ஓரத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட உண்ணிதான் மோசம், வீட்டுக்கு வந்ததும் உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்து எடுப்பார்கள், ஆரம்பக்காரருக்குச் சுலபம் என்று சிபாரிசும் செய்வார்கள். செய்யாதீர்கள். அப்படி எடுத்த படத்தில் கால்கள் மடங்கியிருக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். மலைக்காலையின் குளிர் அந்த வேலையை யாரையும் துன்புறுத்தாமல் செய்கிறது.

இப்போது சாமானுக்கு வருவோம். உங்களிடம் இருக்கும் 55-250 தான் உங்கள் மேக்ரோ லென்ஸ், நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. அதன் முன்னால் மாட்டுகிற ஒரு நல்ல க்ளோஸ்-அப் லென்ஸ் வாங்குங்கள். ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்று ஒன்று இருக்கிறது, 8 டயாப்டர் சக்தி, கிளிப் போல மாட்டலாம், கழற்றலாம். ஜூமை 125-ல் வைத்தால் ஒன்றுக்கு ஒன்று, 250-ல் வைத்தால் இரண்டு மடங்கு. எப்படி வைத்தாலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 12 சென்டிமீட்டர் அளவுக்கு இடம் இருக்கும். ட்யூபோடு 18-55-ல் எடுக்கும்போது நாலு விரற்கடைதான் இடம், அதில் வெளிச்சம் எங்கே நுழையும்? 8 டயாப்டர் முதலில் கடுமையாகத் தோன்றினால் அதே வகையில் 4.8 டயாப்டர் டிசிஆர்-150 இருக்கிறது, பழக எளிது. நாலு கண்ணாடி சேர்ந்த செட் என்று மலிவாக விற்கிற ஒற்றைக் கண்ணாடி ஃபில்டர்களில் ஓரமெல்லாம் ஊதா வழியும். நானும் ஒரு கடையில் அதை வாங்கி ஏமாந்தவன்தான். ட்யூபைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் அதை மாட்டியிருக்கும்போது ஜூமை 18 மிமீ பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஃபோகஸ் கண்ணாடிக்கு உள்ளேயே விழும். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையமும் உண்டு, விலை மலிவு, படமும் அசத்தும். ஆனால் பின்கண்ணாடி வெளியே தெரியும், மழை மலையில் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேக்ரோ என்று தனியாக 2 மெகாபிக்சல் கேமரா இருந்தால் அதை மறந்துவிடுங்கள். அல்ட்ரா வைட் கேமரா தானாகக் கிட்டே ஃபோகஸ் செய்கிற போன் என்றால் பகல் வெளிச்சத்தில் நன்றாகவே வரும்.

100 மிமீ மேக்ரோ லென்ஸ் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று அளவிலும் முன்னால் சுமார் 14 சென்டிமீட்டர் இடம் விடும், ஓரம் வரை சீராக இருக்கும். அந்தச் சீர்மை இந்த லென்ஸ்களின் பிறவிக்குணம். நிக்கான் 1956-ல் தன் முதல் மைக்ரோ லென்ஸைச் செய்தது பூச்சிக்காக அல்ல, கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் பதிப்பதற்காக. அதனால்தான் இன்றும் அவர்கள் தங்கள் லென்ஸை மேக்ரோ என்று சொல்லாமல் மைக்ரோ என்றே சொல்கிறார்கள். ஸ்கேல் பயிற்சியில் இருபதுக்குப் பத்து தேறி, ஃபோம் ஷீட் வெளிச்சம் கைவந்து, அதற்குப் பிறகும் 55-250-ன் ஓரக் கூர்மை போதவில்லை என்று உங்களுக்கே தோன்றினால் வாங்குங்கள். அப்போதும் பழையதாக வாங்கினால் தவணை தேவைப்படாது.

பழையதை வாங்கும்போது, அதுவும் மலை ஊரில் வாங்கும்போது, ஒரே ஒரு சோதனையை விடாதீர்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பாதகமில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக ஏதாவது தெரிந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். என்னிடம் இருந்த முதல் மேக்ரோ லென்ஸை நான் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்து, ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் பறிகொடுத்தேன். இப்போது மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் சரி. காலைக் குளிரிலிருந்து நேராக அடுப்பு எரிகிற வீட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோகும்போதும், வெளியிலேயே ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே வைத்து, சூடு ஏறிய பிறகு ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். வேர்வை கவரின்மேல் படியும், கண்ணாடியில் படியாது.